தோட்டத்துச் சாளைகளுக்கு ராத்திரிக் காவல்: ஊர் எதுவரை போகலாம், ஸ்டேஷன் என்ன செய்யணும்?

மேட்டாங்காடு (இழையைத் தொடங்கியவர்)

காங்கேயம் பக்கத்து ஊர்க்காரன் நான். எங்க ஊர்ல ராத்திரிக் காவல் போட்டிருக்கோம். அதைத் தொடரலாமா, தொடர்ந்தா எப்படித் தொடரணும்னு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்கத்தான் இதை எழுதறேன்.

இந்தப் பக்கம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இங்க வீடுங்க ஊருக்குள்ள நெருக்கமா இருக்காது. அவங்கவங்க தோட்டத்துக்குள்ளதான் சாளை. பக்கத்து வீடுன்னா ரெண்டு காடு தாண்டணும், சத்தம் போட்டாக் கேட்காது. பிள்ளைங்க கோயமுத்தூர், பெங்களூர்னு போயிட்டாங்க. சாளையில மிச்சம் இருக்கறது வயசானவங்க ரெண்டு பேரும் மாடுகன்னும் ஒரு நாயும்தான். 2024 நவம்பர் கடைசியில பல்லடம் சேமலைகவுண்டம்பாளையத்துல அப்பா, அம்மா, மகன்னு மூணு பேரைத் தோட்டத்து வீட்டுல கொன்னுட்டாங்க. அஞ்சு மாசம் கழிச்சு சிவகிரி பக்கம் விளக்கேத்தி மேகரையான் தோட்டத்துல ஒரு வயசான தம்பதி. பிள்ளைங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு ஃபோன் எடுக்காம, ஆள் போய்ப் பார்த்தப்பதான், 2025 மே 1 அன்னிக்கு, வெளியில தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எங்க ஊர்ல பொழுது சாயறதுக்குள்ள கதவு சாத்திடறாங்க.

சின்னத் திருட்டு அதுக்கு முன்னாடியே நடந்துட்டுதான் இருந்துச்சு. கிணத்து மோட்டார் கேபிளை வெட்டிட்டுப் போறது, பட்டியில இருந்து ஆடு ஓட்டிட்டுப் போறது. ஸ்டேஷன்ல மனுக் கொடுத்தா, மனு வாங்கிக்கிட்டோம்னு சி.எஸ்.ஆர். ரசீது ஒண்ணு தருவாங்க. எஃப்.ஐ.ஆர். போடுங்கன்னா "பார்க்கலாம் போங்க" தான். ரசீதுங்க வீட்டுக்கு வீடு சேர்ந்து கிடக்குது.

அதனாலதான் பசங்களே பைக்ல டார்ச்சும் கம்புமா சுத்த ஆரம்பிச்சாங்க. ரொம்பப் பேருக்கு அதுல நிம்மதி, எனக்கும்தான். ஆனா போன வாரம் ஷிப்ட் முடிஞ்சு நடந்து வந்த ஒரு ஒடிசாப் பையனை மடக்கி, பேர் ஊர் கேட்டு, அவன் பதில் புரியாம முழிச்சதுக்கு அடிச்சிருக்காங்க. கை முறிஞ்சு போச்சு. பக்கத்து நூல்மில்லுல வேலை பார்க்கறவன். புது ரூமுக்கு வழி தெரியாம நம்ம இட்டேரிக்குள்ள (வேலிகளுக்கு நடுவுல போற தோட்டத்துத் தடம்) வந்துட்டான். தடுக்கப்போன என்னைப் பார்த்து "நாளைக்கு உங்க சாளைக்கு வந்தாத்தான் தெரியும்"னு ஒரு பையன் சொன்னான். அந்தப் பையனை நான் தூக்கி வளர்த்திருக்கேன்.

கேபிள் திருட்டுக்கு வராத ஜீப்பு இதுக்கு அன்னிக்கே வந்துச்சு. ஊர் ரெண்டா நிக்குது. என்ன பண்றது?

சென்னிமலையான்

அந்தப் பையனை அடிச்சது தப்பு, வைத்தியச் செலவு ஊர் கொடுக்கணும். அதுல பேச்சில்லை. ஆனா காவலை நிறுத்தச் சொல்றவங்க எல்லாம் டவுன்ல காம்பவுண்டுக்குள்ள வாட்ச்மேன் போட்டுட்டுத் தூங்கறவங்க. எங்க பெரியம்மா தனியா இருக்காங்க. 100க்குக் கூப்பிட்டா எங்கிருந்து பேசறீங்க, எந்த லிமிட்டுன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ஜீப்பு வர்ற தூரம் என்னன்னு எங்களுக்குத் தெரியும்.

பல்லடத்துல நடந்ததும் சிவகிரியில நடந்ததும் ஒரே ஆளுங்க செஞ்சதுன்னு போலீஸே சொல்லுச்சு. அப்படின்னா முதல் கேஸ்லயே பிடிச்சிருந்தா ரெண்டாவது தம்பதி இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாங்க. இதுக்கு யார் பதில் சொல்றது? துப்பாக்கி லைசென்ஸ் கேட்டாலும் கிடைக்காது, கம்பையும் பிடிக்கக் கூடாதுன்னா எங்க பெரியவங்க என்னதான் பண்ணுவாங்க?

திருப்பூர்_வக்கீல்

சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் இதில் சேதி இருக்கிறது.

தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பற்றியவை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் ஒருவன் வீட்டை உடைத்து நுழைந்தால், தடுக்கிறவர் கையில் அவன் செத்தாலும் அந்த உரிமைக்குள் அடங்கலாம் என்கிற அளவுக்கு 41ஆம் பிரிவு போகிறது. ஆகவே சென்னிமலையானின் பெரியம்மா வீட்டுக்குள் எவனாவது கதவை உடைத்து வந்தால் அவர் அரிவாளை எடுப்பதைச் சட்டம் குற்றம் என்று பார்க்காது. ஆனால் தேவைக்கு மேல் ஊறு செய்யக் கூடாது. போலீஸை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

சாலையில் நடந்து போகிறவனை மடக்குவது இதில் சேராது. பொதுமக்களில் ஒருவர் கைது செய்யலாமா என்றால், செய்யலாம். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40 அதற்கு இடம் தருகிறது. ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய ஒரு குற்றத்தை அவன் உங்கள் கண்ணெதிரே செய்திருக்க வேண்டும். பிடித்தவனைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தில் பிடிப்பது, கட்டி வைப்பது, விசாரிப்பது எதற்கும் இதில் இடமில்லை.

இனி அந்தப் பையன்கள் விஷயம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நோக்கத்தோடு செய்தால் ஒருவன் அடித்த அடிக்கு மற்றவர்களும் பொறுப்பு. டார்ச் பிடித்தவன், வீடியோ எடுத்தவன், பைக்கைக் குறுக்கே நிறுத்தியவன் எல்லோரும்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நியாய சன்ஹிதாவில், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடி, ஒருவரைப் பிறந்த இடம், மொழி, சாதி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் 103(2) பிரிவின்படி ஆயுள் அல்லது தூக்கு. கொடுங்காயம் என்றால் 117(4), ஏழு ஆண்டு வரை. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். ஒடிசாக்காரன், தமிழ் தெரியவில்லை என்பதற்காக அடித்தார்கள் என்று அவன் தரப்பு சொன்னால் உங்கள் பையன்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அடுத்தது ஸ்டேஷன். கேபிள் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். மறுப்பது சட்டப்படி தவறு. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: புலன்கொள் குற்றம் (பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடியது) என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)இன்படி மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். எல்லை எங்களுடையது இல்லை என்றும் தட்டிக் கழிக்க முடியாது, எந்த ஸ்டேஷனும் வாங்கி ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

அந்த சி.எஸ்.ஆர். ரசீதுகளை யாராவது ஒருவர் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போயிருக்கிறீர்களா?

ஓய்வு_எஸ்.எஸ்.ஐ

நான் ஸ்டேஷன்ல சிறப்பு எஸ்.ஐ.யா அந்த நாற்காலியில இருந்தவன். ஏன் எஃப்.ஐ.ஆர். போட மாட்டேங்கறாங்கன்னு சொல்றேன். மாசா மாசம் கிரைம் மீட்டிங். எத்தனை கேஸ் பதிவு, எத்தனை கண்டுபிடிச்சே, எத்தனை நிலுவைன்னு கேட்பாங்க. கண்டுபிடிக்க முடியாத கேபிள் திருட்டைப் பதிவு பண்ணா அது ஸ்டேஷன் தலையில நிக்கும். சி.எஸ்.ஆர். கொடுத்தா அந்தக் கணக்கில வராது. அதனால பதிவு பண்ற நல்ல இன்ஸ்பெக்டர் கெட்ட பேர் வாங்குவார், பண்ணாதவர் ஏரியா அமைதின்னு காட்டிக்குவார். மேல இருக்கறவங்க இந்தக் கணக்கை மாத்தாம கீழ இருக்கற ஏட்டைத் திட்டி ஒண்ணும் ஆகாது.

ஆளும் இல்லை. திருவிழா, மந்திரி வருகை, போராட்டம்னு பந்தோபஸ்துக்கே பாதிப் பேர் போயிடறாங்க. ராத்திரி ரோந்துக்கு ஒரு ஜீப்பு இருந்தாலே பெரிசு. பூட்டின வீட்டுல, தனி வீட்டுல பட்டா புத்தகம்னு ஒரு ரோந்து நோட்டு வச்சு பீட் போலீஸ் (அந்தப் பகுதி ரோந்துப் போலீஸ்) வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். ஒழுங்கா நடந்தா அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. உங்க ஊர்ல தனியா இருக்கற பெரியவங்க வீட்டுப் பட்டியல் ஸ்டேஷன்ல இருக்குதா, அந்த வீடுகள்ல புத்தகம் இருக்குதா, கடைசிக் கையெழுத்து எந்தத் தேதின்னு பாருங்க. அதைப் போட்டோ எடுத்து டி.எஸ்.பி.கிட்ட காட்டுங்க. நூறு பேர் சாலை மறியல் பண்றதைவிட அது வேலை செய்யும்.

இன்னொண்ணு. உங்க பசங்களை ஸ்டேஷனே கூட வச்சுக்கிட்டு ஜீப்புல ஏத்தினா ஒத்துக்காதீங்க. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993ல ராமநாதபுரத்துல நல்ல நோக்கத்தோடதான் தொடங்குச்சு. 2020ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் காவல்ல செத்தப்ப அந்த அமைப்புப் பேரும் அடிபட்டு, அரசே தடை போட வேண்டியதாச்சு. அதிகாரம் இல்லாத ஆள் கையில லத்தி போனா என்ன ஆகும்னு அப்பவே பார்த்தாச்சு.

உசிலை_கரிசல்

எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். ஊர்க்காவல் மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் முறையாகவே நடந்தது. ஊர் காவல்காரருக்குக் கூலி கொடுக்கும், களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். போலீஸ் என்று ஒன்று வருவதற்கு முன்பே அங்கே பொறுப்பு இருந்தது. பிறகு அதிலேயே துப்புக்கூலி என்று வந்தது. மாடு போனவன் பணம் கொடுத்தால் மாடு எங்கே நிற்கிறது என்று சேதி வரும். காவலும் களவும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத நிலைக்குச் சில இடங்களில் போனது. 1896ல் திண்டுக்கல், மதுரைப் பக்கத்து ஊர்கள் பண்டு சேர்த்துக் கொண்டு, எங்களுக்கு இந்தக் காவல் வேண்டாம் என்று கிளம்பின. அதுவும் வீடு எரிப்பு, அடிதடி என்றுதான் போனது.

அதற்கு ஆங்கிலேய அரசு செய்தது இன்னும் கொடுமை. குற்றம் செய்தவனைப் பிடிப்பதை விட்டுவிட்டுப் பிறப்பையே குற்றமாக்கியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். 1947 வரை எங்கள் தாத்தாக்கள் ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுத்தார்கள். இன்று ஒரு ஒடிசாப் பையன் ராத்திரி ரோட்டில் நடந்தாலே திருடன் என்று நினைக்கும்போது எனக்கு வேறு எந்த நினைப்பு வரும்?

மில்_விடுதி

அந்தப் பையன் மாதிரி இருநூறு பேர் தங்கற விடுதியைப் பார்த்துக்கற வேலை எனக்கு. 2023 மார்ச்ல பீகார்க்காரங்களைத் தமிழ்நாட்டுல வெட்டறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சே, அப்ப திருப்பூர் ஸ்டேஷன்ல கூட்டங்கூட்டமா ஊருக்கு ரயில் ஏறினாங்க. பொய்னு நம்ம போலீஸ் இந்தியில வீடியோ போட்டுப் புரிய வைக்க வேண்டியிருந்துச்சு. இப்ப நீங்க நிஜமாவே ஒரு வீடியோவுக்கு வழி பண்ணிட்டீங்க.

சிவகிரி கேஸ்ல முதல் ரெண்டு வாரம் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வடக்கன், வடக்கன்னுதான் வந்துச்சு. கடைசியில கைதானவங்க அறச்சலூர் பக்கத்து ஆளுங்க. ஈரோடு மாவட்டமேதான். யாராவது அந்த மெசேஜை அழிச்சாங்களா, வருத்தம் சொன்னாங்களா?

எங்க பசங்க ராத்திரி பத்து மணி ஷிப்ட் முடிச்சு வேற எந்த ரோட்டுல வருவாங்க? ஊரும் மில்லும் பேசி, ஷிப்ட் நேரத்தை ஊர்க்காவல்காரங்களுக்குச் சொல்லி, பசங்களுக்கு அடையாள அட்டையைக் கழுத்துல போட்டு அனுப்ப நான் தயார். அதுக்கு முன்னாடி அந்தப் பையனோட சம்பளம் போன நாளுக்கு யார் பொறுப்புன்னு சொல்லுங்க.

சென்னிமலையான்

வைத்தியமும் சம்பளமும் ஊர் கொடுக்கணும்னு நான்தான் முதல்ல சொன்னேன், திரும்பவும் சொல்றேன்.

வக்கீல் சார் சொன்னதைப் படிச்சேன். எஸ்.பி.க்குத் தபால், மாஜிஸ்ட்ரேட்னு நீங்க சொல்றது எல்லாம் திருட்டு நடந்த பிறகு. எங்களுக்கு வேண்டியது நடக்காம இருக்கறது. பயம் இருந்தாத்தான் வரமாட்டான். இந்த ஊர்ல அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போவான். அதை நான் கண்ணால பார்த்திருக்கேன், ஆடு திருட்டு நின்னே போச்சு.

பூந்தோட்டம்

சென்னிமலையான் அண்ணா, ஆடு திருட்டு நின்னது பசங்க சுத்தினதாலயா, அடிச்சதாலயா? சுத்தினது பல மாசம். அடிச்சது ஒரே ஒரு ராத்திரி.

நானும் தோட்டத்துல இருக்கறவதான். எங்க ஊர்ல இதே மாதிரிக் காவல் போட்டாங்க. முதல்ல திருடனைத் தேடினாங்க. அப்புறம் எந்தப் பொண்ணு எத்தனை மணிக்கு யார் பைக்ல வந்து இறங்கறான்னு பார்த்தாங்க. கார்மெண்ட்ஸ்ல ஓவர்டைம் முடிச்சு வந்த ஒரு பிள்ளையையும் அவளைக் கொண்டு வந்து விட்ட பையனையும் நிறுத்தி என்ன சாதின்னு கேட்டிருக்காங்க. அந்தப் பிள்ளை வேலையை விட்டுட்டா. திருடனுக்குப் பயந்து கதவைச் சாத்தறது போதாதுன்னு இவங்களுக்கும் பயந்து சாத்தணுமா? காவல்னு சொல்லி யார் எங்க போறாங்கன்னு கேட்கற உரிமையை யார் கொடுத்தா? உங்க கூட்டத்துல ஒரு பொம்பளை இருக்காங்களா, மேட்டாங்காடு அண்ணா?

ஆனைகட்டி

எங்களுக்கு மலை தாண்டினா அட்டப்பாடி. 2018 பிப்ரவரியில மனநலம் சரியில்லாத ஒரு பழங்குடி இளைஞரை அரிசி திருடினார்னு காட்டுல இருந்து பிடிச்சு, கையைக் கட்டி, கூட நின்னு செல்ஃபி எடுத்து அடிச்சாங்க. போலீஸ் ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில செத்துட்டார். சாட்சிங்க ஒவ்வொருத்தரா பிறழ்ந்தாங்க. அப்படியும் 2023 ஏப்ரல்ல மன்னார்க்காடு கோர்ட் 14 பேரைக் குற்றவாளின்னு சொல்லி, அதுல 13 பேருக்கு ஏழு வருஷம் கடுங்காவல் கொடுத்துச்சு. ஜீப் டிரைவர், கடைக்காரர்னு அக்கம்பக்கத்துல தினம் பார்க்கற ஆளுங்கதான் அந்தக் கூட்டத்துல இருந்தாங்க.

அந்த 2018லயே மே மாசம் போளூர் பக்கம் அத்திமூர்ல நடந்தது நம்ம மாநிலத்துலயே. சாமி கும்பிட வந்த குடும்பம், வழி கேட்க நின்னப்பக் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததுக்குப் பிள்ளை பிடிக்கிறவங்கன்னு அடிச்சு, அறுபது தாண்டின ஒரு அம்மா செத்தாங்க. பழவேற்காட்டுல ஆதரவில்லாம சுத்தின ஒருத்தரை அதே நாட்கள்ல அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. அங்கேயும் எல்லாரும் ஊரைக் காப்பாத்தறதாத்தான் நினைச்சாங்க.

நல்லூரான்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். 2011 ஓகஸ்டில எங்கட பக்கம் கிறீஸ் பூதம் எண்டு ஒரு பயம் பிடிச்சது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசின ஆள் இரவில வந்து பொம்பிளையளைத் தாக்கிறான் எண்டு மலையகத்தில தொடங்கி, கிழக்கு, வடக்கு எண்டு பரவினது. சனம் பொல்லுத்தடியோட விடிய விடிய முழிச்சிருந்தது. மலையகத்தில சனம் அடிச்சு ஆக்கள் செத்தவை. புத்தளத்தில ஒரு பொலிஸ்காரரே கொல்லப்பட்டார்.

நாவாந்துறையில ஓகஸ்ட் 22 இரவு, தாங்கள் துரத்தின ஆக்கள் இராணுவ முகாமுக்குள்ள ஓடினவை எண்டு சனம் போய் முகாமைச் சூழ்ந்தது. பிறகு இராணுவமும் பொலிசும் நடுச்சாமத்தில வீடு வீடாய்ப் புகுந்து ஆம்பிளையளை அடிச்சு இழுத்துக்கொண்டு போச்சினம். சுமார் நூறு பேர். முறைப்பாட்டை ஆர் கேட்டது?

நான் சொல்ல வாறது இதுதான். பொலிசில நம்பிக்கை இல்லாத இடத்தில சனம் பொல்லை எடுக்கும், அதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் பொல்லை எடுத்த பிறகு அரசாங்கத்துக்கு உங்களை அடக்கிறதுக்கு ஒரு நியாயமும் கிடைச்சிடும். உங்கட ஊரிலும் பாருங்கோ, களவுக்கு வராத ஜீப் அடிபாட்டுக்கு வந்ததெண்டு முதல் பதிவிலயே எழுதியிருக்கிறியள். உங்கட முறைப்பாடு எல்லாம் இனி அந்த ஒரு பிழைக்குக் கீழ போயிடும்.

திருப்பூர்_வக்கீல்

நல்லூரான் சொன்னது நூற்றுக்கு நூறு. சென்னிமலையானுக்கு மேலும் ஒன்று. பயம் காட்டினால் அடங்கும் என்று ஊர் நினைப்பதும், அடித்தால் நகை வரும் என்று போலீஸ் நினைப்பதும் ஒரே நினைப்புதான். 2025 ஜூன் கடைசியில் மடப்புரம் கோயில் காவலாளியை நகை காணவில்லை என்ற புகாருக்காகத் தனிப்படை அடித்தே கொன்றது. திருட்டு நிரூபணமாகவே இல்லை. போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தச் செய்திக்குக் கொதித்தவர்களில் எத்தனை பேர் "திருடனை நாலு சாத்து சாத்துங்க சார்" என்று ஸ்டேஷனில் சொன்னவர்கள்? பதிவு, தடயம், விசாரணை என்று கேட்காமல் அடியைக் கேட்டால் அடிதான் கிடைக்கும். அது யார் மேல் விழும் என்பது நம் கையில் இல்லை.

கும்பல் வன்முறைக்கென மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி. நிலை அதிகாரியைப் பொறுப்பாகப் போட வேண்டும் என்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் அதில் உண்டு. மில்_விடுதி, அந்தப் பையனுக்காக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், கட்டணம் கிடையாது.

மேட்டாங்காடு

எல்லார்த்துக்கும் நன்றி. நேத்து மாரியம்மன் கோயில் திடல்ல ஊர்க்கூட்டம் போட்டோம். இங்க வந்ததை எல்லாம் படிச்சுக் காட்டினேன். காரசாரமாத்தான் போச்சு. முடிவானது இது:

காவல் தொடரும், கம்பு கிடையாது. டார்ச், விசில், ஃபோன் மட்டும். யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கறதில்லை. சந்தேகம்னா தூரத்துல இருந்து பார்த்து 112க்குச் சொல்றது, பக்கத்துச் சாளைக்காரங்களை எழுப்பறது. தனியா இருக்கற பெரியவங்களுக்குக் காலையிலும் ராத்திரியிலும் ஒரு ஃபோன் போகும், எடுக்கலைன்னா ஆள் போகும். அந்த ஃபோன் வேலையை எங்க ஊர் மகளிர் குழு எடுத்துக்குச்சு. பூந்தோட்டம் கேட்ட கேள்விதான் அதுக்குக் காரணம். வைத்தியச் செலவும் சம்பளமும் அடிச்ச வீடுகள்ல இருந்தே வசூல். ரெண்டு வீடு மறுக்குது. கேஸ் அது பாட்டுக்கு நடக்கும், ஊர் குறுக்க நிக்காதுன்னும் பேசியாச்சு. இதுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி.

சி.எஸ்.ஆர். ரசீதுங்களைத் தேதிப்படி அடுக்கிட்டோம். பட்டா புத்தகம் எங்க ஊர்ல ரெண்டே சாளையில இருக்குது. கடைசிக் கையெழுத்து போன வருஷத்துது. அதையும் போட்டோ எடுத்தாச்சு. திங்கக்கிழமை எஸ்.பி. ஆபீஸ் போறோம்.

சென்னிமலையான்

கம்பு இல்லாத காவலை நான் இன்னும் ஒத்துக்கலை. ஆனா திங்கக்கிழமை என் காரை எடுத்துக்கங்க, நானும் வர்றேன். எங்க ஊர் ரசீதும் ஒரு கட்டு இருக்குது.

ஓய்வு_எஸ்.எஸ்.ஐ

மனுவை ரெண்டு காப்பி எடுத்துப் போங்க. ஒண்ணுல சீல் வச்சு வாங்கிக்கங்க. கேபிள் திருட்டுன்னு பொதுவா எழுதாம, எந்தச் சர்வே நம்பர் கிணறு, எந்தத் தேதி, எத்தனை மீட்டர்னு தனித்தனியா எழுதுங்க. ஒவ்வொரு திருட்டுக்கும் ஒரு எஃப்.ஐ.ஆர். கேளுங்க. மொத்தமா ஒண்ணு போடறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.